வாங்கும் முன் கேளுங்கள்: மிஸ்ட் கூலன்ட்

கம்ப்யூட்டர் சொல்படி உலோகம் வெட்டும் சின்ன சி.என்.சி. மில்லிங் மெஷினுக்கு, கட்டர் மேல் காற்றோடு திரவத்தைத் தூவும் மிஸ்ட் கூலன்ட் வாங்குவது பற்றி இந்த மாதம் மலையில் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வீட்டை ஒட்டிய ஷெட்டில் சின்ன சி.என்.சி. வைத்து, தேயிலை பறிக்கும் மெஷின்களுக்கு அலுமினியத்தில் உதிரி பாகம் செய்கிறேன். 6 மி.மீ. எண்ட் மில் கட்டரில் அலுமினியம் அப்பிக்கொண்டு அது உடைகிறது. கோவைக் கடையில் மூன்று காட்டினார்கள். 900 ரூபாய்க்கு வெறும் நாசில், 6,500க்கு டேங்க் வைத்தது, 22,000க்கு எம்.க்யூ.எல். எதை வாங்க? – குன்னூர்

பதில்: பணத்தை எடுக்கும் முன் கட்டரைப் பாருங்கள் தம்பி. நான்கு பல் கட்டரா? அது இரும்புக்கு. அலுமினியத்துக்கு இரண்டு பல், மிஞ்சினால் மூன்று. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இடம் இருந்தால்தான் சீவல் வெளியே வரும். வராத சீவல் பள்ளத்திலேயே கிடக்கும், கட்டர் அதையே திரும்பத் திரும்ப அரைக்கும், சூடேறிப் பல்லில் ஒட்டும், அப்புறம் உடையும். ஆகவே உங்களுக்கு முதலில் வேண்டியது சீவலை ஊதித் தள்ளும் காற்று. அலுமினியம் ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் ஈரம் அடுத்தது. குளிர்ச்சி கடைசிதான்.

இனி அந்த மூன்றும். 900 ரூபாய் நாசில் உறிஞ்சு வகை. காற்று வேகமாகப் போகும்போது பக்கத்துக் குழாயிலிருந்து கூலன்ட்டை இழுத்துக்கொள்ளும். இழுக்க அழுத்தம் வேண்டும் என்பதால் 4 பார் வரை ஏற்றுவீர்கள். அந்த அழுத்தத்தில் கூலன்ட் துளியாக வராது, புகையாக வரும். பாட்டில் நாசிலுக்கு மேலே இருந்தால் காற்றை நிறுத்திய பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும். கீழே இருந்தால் கூலன்ட் பாட்டிலுக்கே இறங்கிவிடும், அடுத்த ஜாப் தொடங்கும்போது கட்டர் சில நொடி காய்ந்து ஓடும். 6 மி.மீ. கட்டர் உடைய அந்தச் சில நொடி போதும்.

டேங்க் வகையில் காற்றே டேங்கை அழுத்திக் கூலன்ட்டைத் தள்ளிவிடுகிறது. இழுக்க வேண்டிய வேலை இல்லாததால் 1 பார், ஒன்றரை பாரிலேயே ஓடும். துளி பெரிதாக இருக்கும், ஜாப் மேலேயே விழும், அறைக்குள் சுற்றாது. எம்.க்யூ.எல். என்பது தண்ணீர் கலக்காத எண்ணெயைச் சின்ன பம்ப் மூலம் அளந்து சொட்டவைப்பது. மணிக்கு சில பத்து மில்லிலிட்டர்தான் செலவாகும். அருமையான ஏற்பாடு, ஆனால் தினமும் எட்டு மணி நேரம் ஒரே ஜாப் ஓட்டுகிறவருக்குத்தான் அந்த விலை கட்டும்.

நீங்கள் டேங்க் வகையை வாங்குங்கள். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கையில் ஒரு கறுப்பு அட்டை கொண்டுபோய் நாசிலுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். புள்ளி புள்ளியாகத் துளி விழுந்தால் நல்ல நாசில். அட்டை மங்கலாக நனைந்து, சுற்றிலும் ஆவிபோல் பறந்தால் வேண்டாம். காற்றுக்கும் கூலன்ட்டுக்கும் தனித்தனித் திருகு இருக்க வேண்டும், டேங்கில் சேஃப்டி வால்வு இருக்க வேண்டும். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: காந்த அடி வைத்த நாசில் ஆன்லைனில் வாங்கினேன். மெஷின் மேஜையில் நிற்கவே இல்லை. காந்தம் பலமில்லாததா? – வெலிங்டன்

பதில்: உங்கள் மேஜை அலுமினியம். காந்தம் ஒட்டாது. திருப்பி அனுப்ப நாள் இருந்தால் இன்றே அனுப்புங்கள்.

கேள்வி: மிஸ்ட்டுக்கு 2 எச்.பி., 24 லிட்டர் டேங்க் கம்ப்ரஸர் போதுமா? “நிமிடத்துக்கு 200 லிட்டர், தாராளம்” என்கிறார் கடைக்காரர். – ஊட்டி

பதில்: இந்த 200 லிட்டர் பற்றி எத்தனை முறை எழுதினாலும் என் ஆதங்கம் தீராது. அது பிஸ்டன் ஒரு நிமிடத்தில் எவ்வளவு இடத்தைத் தள்ளுகிறது என்ற கணக்கு. குழாய் முனையில் உங்களுக்கு அவ்வளவு வராது. உண்மையில் வெளியே வரும் காற்றின் அளவுக்கு எஃப்.ஏ.டி. என்று பெயர். இந்த அளவு மெஷினில் 200ல் மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே நல்லது. பெரிய எண்ணை அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். எஃப்.ஏ.டி.யைக் கேட்டால், “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்பார்கள். ஒன்றல்ல.

பல வருஷத்துக்கு முன் அந்த எழுத்தை நம்பி நானும் ஒரு கம்ப்ரஸர் வாங்கினேன். நாசிலைத் திறந்தால் மோட்டார் நிற்கவே நிற்காது. இரண்டாவது மாதம் ஹெட் சூடேறி வால்வு பிளேட் போனது. “விடாமல் ஓட்டினால் வாரண்டி கிடையாது” என்றார் விற்றவர். விற்கும்போது அதைச் சொல்லவில்லை. அன்று முதல் எஃப்.ஏ.டி.யைப் பில்லில் எழுதி வாங்காமல் நான் கம்ப்ரஸர் கடையை விட்டு வெளியே வருவதில்லை. நீங்களும் எழுதி வாங்குங்கள்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை மி.மீ. துளையுள்ள நாசில் 4 பாரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 லிட்டர் காற்று குடிக்கும். 24 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 5 பாருக்கு இறங்கும்போது தருவது 72 லிட்டர், ஒரு நிமிடத்துக்கே போதாது. இனி ஊர்க் கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கும் கொஞ்சமும்தான். கோவையில் 130 லிட்டருக்கு ஈடாக உழைக்கிற கம்ப்ரஸர் இங்கே ஏறத்தாழ 100க்குத்தான் ஈடு. அந்த 100ல் 80ஐ நாசில் குடித்தால் மெஷின் மூச்சுவிட நேரமே இருக்காது. மோட்டாருக்கும் மலை ஆகாது. பொதுவாக மோட்டார்களின் திறன் 1,000 மீட்டர் உயரம் வரைக்கும் கணக்கிட்டுக் கொடுப்பது. அதற்கு மேல் காற்று மெலிவதால் சூடு இறங்குவது குறையும். குளிர் ஊர்தானே என்று நினைத்துவிட வேண்டாம்.

அதே நாசிலை ஒன்றரை பாரில் ஓட்டினால் 40 லிட்டரோடு முடியும். அப்போது உங்கள் 2 எச்.பி. போதும். டேங்கை மட்டும் 50 லிட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள், அடிக்கடி ஸ்டார்ட் ஆகாது. அதாவது, கம்ப்ரஸருக்கு முன் நாசிலை முடிவு செய்ய வேண்டும். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இன்னொன்று, தண்ணீர். ஆடி மாதக் காலையில் என் கம்ப்ரஸரின் அடித் திருகைத் திறந்தால் ஒரு டீ கிளாஸ் அளவுக்குச் செம்பழுப்புத் தண்ணீர் கொட்டும். மூடுபனியை உறிஞ்சி அழுத்தினால் வேறென்ன வரும்? அது நாசில் வழியாக வைஸ் மேலும் மேஜை மேலும் தெளித்தால் விடிவதற்குள் துரு. தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைக் கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டாதீர்கள். அங்கே காற்று சூடாக இருப்பதால் ஈரம் ஆவியாகவே தாண்டிப் போய்விடும். சில மீட்டர் குழாயில் ஆறிய பிறகு, மெஷின் பக்கத்தில் மாட்டுங்கள்.

கேள்வி: எம்.க்யூ.எல். எண்ணெய் விலை அதிகம். தேங்காய் எண்ணெய் ஊற்றலாமா? நண்பர் ஸ்பிரிட் போதும் என்கிறார். – லவ்டேல்

பதில்: தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். நம் பக்கம் தலைக்குத் தேய்க்கவே அடுப்பருகில் வைத்து இளக்குகிறோம், அது மெல்லிய குழாயில் எப்படி ஓடும்? மற்ற சமையல் எண்ணெய்கள் நாள்பட்டால் பிசுபிசுத்துப் பிசினாகி நாசிலை அடைக்கும். எம்.க்யூ.எல். எண்ணெயும் பெரும்பாலும் தாவர எண்ணெயிலிருந்து வருவதுதான். ஆனால் இந்த இரண்டு குறையும் வராமல் பக்குவப்படுத்தியது. மணிக்கு இருபது முப்பது மில்லி செலவாகிற எண்ணெயில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஸ்பிரிட் அலுமினியத்தில் அழகாக வெட்டும், உண்மை. அதைக் காற்றோடு தூவினால் ஷெட்டுக்குள் எரியும் ஆவி நிறைகிறது. ஸ்பிண்டில் மோட்டாரில் ஒரு பொறி போதும். வேண்டாம்.

கேள்வி: மிஸ்ட்டை மின்சாரத்தில் திறந்து மூட சொலினாய்டு வால்வு வாங்கி மாட்டினேன். புரோகிராமில் மிஸ்ட்டுக்கான எம்7 கட்டளை கொடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை. மெஷினை ஓட்டும் போர்டில் இருப்பது ஜி.ஆர்.பி.எல். மென்பொருள். வால்வு பழுதா? – அரவேணு

பதில்: வால்வைக் குறை சொல்லாதீர்கள். ஜி.ஆர்.பி.எல்.லில் எம்7ஐப் பொதுவாக மூடித்தான் வைத்திருப்பார்கள். எம்8 கொடுத்துப் பாருங்கள், நிறுத்த எம்9. அதிலும் போர்டின் முனை தருவது சிக்னல் மட்டும், வால்வின் காயிலை (கம்பிச்சுருளை) அது இழுக்காது. நடுவே, அந்தச் சிக்னலை வைத்துக் காயிலுக்கு மின்சாரம் திறந்துவிடும் ரிலே போர்டு வேண்டும். காயில் 24 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று கடிதத்தில் இல்லை. காயில் மேலேயே அச்சடித்திருக்கும். வோல்ட்டேஜைப் பார்க்காமல் வால்வு வாங்கியவர்கள் இந்த வருஷம் மட்டும் நான்கு பேர் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். வாங்கும்போது அரை நிமிடம் பார்த்திருந்தால் தபால் செலவு மிச்சம்.

கேள்வி: நானும் தம்பியும் பட்டறை நடத்துகிறோம், வேறு வருமானம் இல்லை. ஜெர்மன் தயாரிப்பு என்று சொல்லி ஆன்லைனில் 14,000 ரூபாய்க்கு எம்.க்யூ.எல். விற்றார்கள். பெட்டியில் நாட்டின் பெயரும் இல்லை, இறக்குமதி செய்தவர் முகவரியும் இல்லை. ஒன்பதாம் நாள் பம்ப் நின்றது. “தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது” என்று பதில் வந்தது. பணம் போனதுதானா? – கூடலூர்

பதில்: போகவில்லை அம்மா. அவர்கள் சொன்னது பாதி உண்மை, உங்களைப் பயமுறுத்த அந்தப் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குகிறவரை விலக்குகிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு தாளிலும், “இந்தப் பட்டறைதான் எங்கள் பிழைப்பு, நாங்களே ஓட்டுகிறோம்” என்ற வரி இருக்கட்டும். அந்த வரியில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது.

முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 2020ஆம் வருஷத்து மின்வணிக விதி அது. கூடவே 1915க்குப் போன் போட்டுத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டிலும் நடக்கவில்லை என்றால் ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆறு பக்கமும் போட்டோ எடுங்கள். “ஜெர்மன் தயாரிப்பு” என்ற விளம்பரப் பக்கத்தை அவர்கள் மாற்றும் முன் இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள். பம்ப்பைத் திறந்து பார்க்க வேண்டாம், திறந்தால் பழியை உங்கள் மேல் போடுவார்கள். புகார் எண் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். அடுத்த கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.

கேள்வி: டேங்க் வகைக்குப் பதிலாகப் பழைய பி.வி.சி. பைப்பை இருபுறமும் அடைத்துக் காற்று ஏற்றலாமா? – கொடைக்கானல்

பதில்: கூடாது. காற்றழுத்தத்தில் பி.வி.சி. வெடித்தால் கத்தித் துண்டுகளாகப் பறக்கும்.

கேள்வி: எங்கள் ஹட்டியில் (படகர் ஊர்) வீட்டின் பின்னறையில் சின்ன சி.என்.சி. ஓட்டுகிறேன். உறிஞ்சு வகை மிஸ்ட் மாட்டி மூன்று மாதம். அம்மாவுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு, இப்போது இரவில் இருமல் அதிகம். மழையால் ஜன்னல் மூடியே இருக்கிறது. என்95 மாஸ்க் வாங்கிக் கொடுக்கவா? – கோத்தகிரி

பதில்: தம்பி, இன்று இரவே மிஸ்ட்டை நிறுத்துங்கள்.

நானும் முதலில் அந்த மலிவு நாசிலைத்தான் வாங்கினேன். ஒரு நாள் வேலை முடித்து லைட்டை அணைத்துவிட்டு டார்ச்சோடு கதவைப் பூட்டப் போனேன். டார்ச் வெளிச்சம் தூண்போல் தெரிந்தது. மெஷின் நின்று அரை மணி ஆகியிருந்தது. அந்த வெளிச்சத்துக்குள் பொடிப்பொடியாக எண்ணெய்த் துளிகள் விழாமல் மிதந்துகொண்டிருந்தன. பகல் முழுவதும் அதைத்தான் சுவாசித்திருக்கிறேன். இருமல் நிற்க மூன்று வாரம் ஆனது. உங்கள் பின்னறையில் இன்றைக்கு இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், தெரியும்.

அமெரிக்காவின் தொழில்சார் நல ஆய்வு நிறுவனமான நையோஷ் 1998ல் சொன்ன வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 0.4 மில்லிகிராம் கூலன்ட் துளி. மூடிய அறையில் புகை நாசில் ஓடினால் அந்த வரம்பைத் தாண்டுவது எளிது. தண்ணீர் கலந்த கூலன்ட்டைப் பாட்டிலில் நாள்கணக்கில் வைத்தால் பாக்டீரியா வளரும், அதுவும் சேர்ந்து காற்றில் ஏறும். ஆஸ்துமாவைக் கிளப்பும், நுரையீரல் அழற்சியும் வரவைக்கும். என்95ல் இருக்கும் அந்த ‘என்’ எண்ணெய்த் துளிக்கு ஏற்றதல்ல என்பதற்கான குறி. அம்மாவை வீட்டுக்குள் மாஸ்க்கோடு இருக்கச் சொல்வதும் நியாயமில்லை.

இப்போதைக்குக் காற்றை மட்டும் ஊதுங்கள், கட்டிங் ஆயிலைப் பிரஷ்ஷால் தொட்டு வையுங்கள். வேகம் குறையும், பரவாயில்லை. பிறகு மெஷினைச் சுற்றி மூடிய கூண்டு கட்டி, எக்ஸாஸ்ட் குழாயை வெளியே விட்டபின் குறைந்த அழுத்த டேங்க் வகையைப் போடலாம். அந்தக் குழாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து இருக்கக் கூடாது. மெஷினை வீட்டிலிருந்து தள்ளி ஒரு ஷெட்டுக்கு மாற்ற முடிந்தால் அதுதான் நல்லது.

அம்மாவை நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். கூலன்ட் டப்பாவின் லேபிளை இருபுறமும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மூன்று மாதமாக வீட்டுக்குள் இது பறந்தது என்று நீங்களாகச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.