யாரோ பெற்ற பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

கல்யாணமாகி ஜோகன்னஸ்பர்க் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரே மகள். டர்பனில் விடுதியில் தங்கி பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்த செமஸ்டர் விருப்பப் பாடமாக மாணவர் தலைமை, வழிகாட்டல் என்று ஏதோ ஒன்றை எடுத்து வைத்திருக்கிறாள். பாதி நேரம் வகுப்பு. மீதி நேரம் முதலாண்டு மாணவர்கள் சிலருக்கு மென்டராக, அதாவது கூடவே இருந்து வழிகாட்டுபவளாக, இருக்க வேண்டுமாம். கடைசியில் என்ன வேலைக்குப் போகலாம் என்று ஒரு ஆராய்ச்சி வேறு. புள்ளியியல் எடுத்திருந்தாலாவது உருப்படியாக இருந்திருக்கும். யாரோ பெற்ற பிள்ளைகளுக்காக இவள் ஏன் மாரடிக்க வேண்டும்? சி.ஏ. முடிக்க நினைப்பவளுக்கு இதனால் என்ன பிரயோஜனம்? பாடத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லட்டுமா?

எஸ்.

அன்புள்ள தங்கைக்கு,

எந்தப் பாடம் எடுக்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் ‘யாரோ பெற்ற பிள்ளைகள்’ என்று எழுதிவிட்டீர்கள். நானும் ஒரு காலத்தில் யாரோ பெற்ற பிள்ளைதான். கொஞ்ச நாளாகவே நான் படித்த கல்லூரி இருந்த, டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்து சேர்ந்தது.

முதலில் அந்த வேலை ஆராய்ச்சியை முடித்துவிடுகிறேன். 1908இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர், இளைஞர்கள் தொழில் தேர்ந்தெடுக்க உதவுவதற்கென்றே ஒரு அலுவலகம் திறந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்தச் சமாசாரமெல்லாம். கேள்வித்தாளை நிரப்பினால் நீங்கள் இந்த வகை, உங்களுக்கு இந்த வேலை என்று சொல்வார்கள். ஜாதகம் பார்க்கிற மாதிரி ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடலாம், கெடுதல் இல்லை. எங்களுக்கு ஆராய்வதற்கே எதுவும் இருக்கவில்லை. நிறவெறி ஆட்சி போட்ட 1956 சட்டம் இன்ன வேலை இன்ன நிறத்தாருக்கு என்று ஒதுக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. எங்கள் தெருவில் படித்தவன் வாத்தியார், படிக்காதவன் தொழிற்சாலை. அவ்வளவுதான். உங்கள் மகளுக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது என்றால் யோசிக்கட்டுமே!

தலைமைப் பண்பு. இதற்கு மார்க் போடுகிறார்கள் என்று கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அமெரிக்காவில் 1970இல் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் பெரிய கலவரம் செய்தார்கள். அதன்பிறகு, பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் மேல் ஒட்டுதல் வரவேண்டும் என்று 1972இல் புதுமுக மாணவர்களுக்காக ஒரு பாடம் தொடங்கினார்கள். அதைப் பார்த்துத்தான் பல ஊர்களில் இப்படிப்பட்ட பாடங்கள் வந்தன. நம் தென்னாப்பிரிக்காவில் நடந்தது வேறு. 1969இல் ஸ்டீவ் பிக்கோவைத் தலைவராகக் கொண்டு கறுப்பின மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு அமைப்பு தொடங்கினார்கள். டர்பனைச் சேர்ந்த ஸ்ட்ரினி மூட்லியும் சாத்ஸ் கூப்பரும் அந்த இயக்கத்தில் இருந்தார்கள். 1976இல் தண்டனை விதித்து இருவரையும் ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள். பின்னாளில் அதே கூப்பர் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தின் கடைசித் துணைவேந்தரானார். இவர்களுக்கெல்லாம் யார் மார்க் போட்டது? சரி, கூட்டக் குறிப்பு எழுதவும் வரவு செலவு போடவும் கற்றுத்தருவார்கள் என்றால் கற்றுக்கொள்ளட்டும். கோயில் கமிட்டியில் நாற்பது வருடம் இருந்தும் அது தெரியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மென்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பிறந்தது டர்பனில், நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸில். அப்பா டர்பன் நகராட்சியில் தெரு கூட்டினார். அப்புறம் எங்களை அங்கிருந்து கிளப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் கொண்டுபோய் விட்டார்கள். இந்தியர்களுக்கென்று 1961இல் சாலிஸ்பரி தீவில் ஒரு கல்லூரி திறந்திருந்தார்கள். கடற்படை விட்டுப்போன பழைய கட்டடங்கள். பஸ் பிடித்து, துறைமுகத்தில் படகு ஏறித்தான் போகவேண்டும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு பெருமை. ஆனால் உள்ளே போய் என்ன செய்யவேண்டும் என்று சொல்ல வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

முதல் வரலாற்றுக் கட்டுரை திரும்பி வந்தது. பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்: ‘பொருத்தமற்றது’. எது பொருத்தமற்றது, ஏன், ஒன்றும் இல்லை. படகில் அதை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாட்ஸ்வர்த்திலிருந்து அதே பஸ்ஸில் வரும் மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். "போய்க் கேட்டியா?" என்றார். கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. வாத்தியார் அறைக் கதவில் எந்தெந்த மணிக்கு வரலாம் என்று எழுதி ஒட்டியிருக்கும் என்றார். அதை நானும் பார்த்திருக்கிறேன். அது எனக்காக ஒட்டியது என்று தோன்றியதே இல்லை. வெள்ளைக்காரர் அறை. என் அப்பா வெள்ளைக்காரர் வீட்டு வாசலைக் கூட்டியிருக்கிறார், கதவைத் தட்டியதில்லை.

மறுநாள் அந்த அண்ணன் என்னை அந்தக் கதவுவரை கூட்டிக்கொண்டு போய், தானே தட்டி, என்னை உள்ளே தள்ளிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். பத்து நிமிடத்தில் முடிந்தது. கேள்வி காரணங்களைக் கேட்டிருந்தது, நான் நடந்ததைக் கதையாக எழுதியிருந்தேன். அவ்வளவுதான் குற்றம்! இதை யாரும் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வருடமே படிப்பை விட்டுவிட்டு ஏதாவது தொழிற்சாலையில் சேர்ந்திருப்பேன்.

படித்த வீட்டுப் பிள்ளைக்கு இதையெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். எந்தப் புத்தகம் நூலகத்தில் இரண்டு மணி நேரம்தான் தருவார்கள், எந்தத் தேதிக்குள் பாடத்தை மாற்றலாம், டெஸ்டைத் தவறவிட்டால் மருத்துவர் சீட்டை யாரிடம் கொடுக்கவேண்டும். மற்ற வீட்டுப் பிள்ளைக்கு இதை யாராவது மெனக்கெட்டுச் சொல்லவேண்டும். 2013இல் நம் உயர்கல்வி மன்றம் ஒரு அறிக்கை வெளியிட்டது. நேரடி வகுப்பு நடத்தும் பல்கலைக்கழகங்களில்கூட நான்கில் ஒருவர்தான் குறித்த காலத்துக்குள் பட்டம் முடிக்கிறார் என்றது. மிச்சம் மூன்று பேரும் மக்குகள் என்றா நினைக்கிறீர்கள்? பணம், பள்ளிக்கூடத்தின் தரம் என்று பல காரணம் உண்டு. கதவைத் தட்டலாம் என்று தெரியாமல் போனவர்களும் அதில் இருக்கிறார்கள்.

நீங்களும் ஊரிலிருந்து வந்து இறங்கிய புதிதில், எந்த டாக்ஸியில் ஏறலாம், எதில் ஏறக்கூடாது, உள்துறை அலுவலகத்தில் எந்த வரிசையில் நிற்கவேண்டும் என்று யாரோ ஒரு பக்கத்து வீட்டம்மா சொல்லித்தந்திருப்பாரே? அவர் உங்களுக்கு என்ன உறவு? அவரும் ‘யாரோ பெற்ற பெண்’ என்று கதவைச் சாத்திக்கொண்டிருந்தால்? கோபமாக எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கோபம்தான்.

மகளைப் பற்றிய உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரே பிள்ளை, தூரத்தில் இருக்கிறாள். அதனால் இரண்டு விஷயம் மட்டும் அவளிடம் சொல்லிவையுங்கள். அந்தப் பிள்ளைகளின் கட்டுரையை இவள் எழுதித்தரக்கூடாது. யாராவது சாப்பிடாமல், தூங்காமல், அழுதுகொண்டே இருந்தால் அதைத் தன் தலையில் போட்டுக்கொள்ளாமல் மாணவர் ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போகவேண்டும். நல்ல மென்டர் பாடமாக இருந்தால் இந்த இரண்டையும் முதல் வாரத்திலேயே சொல்லியிருப்பார்கள்.

புள்ளியியலை அடுத்த செமஸ்டர் எடுக்க முடியுமா என்று அவளே துறை அலுவலகத்தில் விசாரிக்கட்டும், நீங்கள் போன் போட்டு விசாரிக்காதீர்கள்.