நெற்றி, முதுகில் அரிக்கும் பூஞ்சைப் பரு: கடலூர்ப் பக்கத்து வெக்கையில் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, எப்படி அடக்குவது?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன். ஒரு வருடத்துக்கு மேலாக நெற்றி, தோள், முதுகு முழுக்கப் பொடிப் பொடியாகப் பரு. வியர்த்தால் அரிப்பு தாங்கவில்லை. இரண்டு மாதம் டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டேன், கூடியதே தவிரக் குறையவில்லை. கீட்டோகோனசோல் ஷாம்பு போட்டால் அடங்குகிறது, விட்டால் இருபது நாளில் மறுபடி வந்துவிடுகிறது. நிரந்தரத் தீர்வு உண்டா?

பதில்:

பாக்டீரியா மாத்திரையில் கூடியது, பூஞ்சை மருந்தில் அடங்கியது, வியர்த்தால் அரிக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மலசீசியா என்ற பூஞ்சையைத்தான். மருத்துவர் சீட்டில் இதை 'மலசீசியா ஃபாலிகுலைட்டிஸ்' என்றோ, பழைய பெயரில் 'பிட்டிரோஸ்போரம் ஃபாலிகுலைட்டிஸ்' என்றோ எழுதுவார்கள். இரண்டும் ஒன்றே.

நிரந்தரத் தீர்வு என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பூஞ்சை எங்கிருந்தோ வந்து தொற்றியது இல்லை. உங்கள் தோலிலும் என் தோலிலும் சின்ன வயதிலிருந்தே குடியிருக்கிறது. தலையில் மிகுந்தால் பொடுகு, மார்பிலும் கழுத்திலும் மிகுந்தால் தேமல், மயிர்க்காலுக்குள் இறங்கிப் பெருகினால் இந்தப் பரு. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்க அதற்கு முடியாது. தோலில் சுரக்கும் எண்ணெயை உடைத்துத்தான் பிழைக்கிறது. ஆகவே அடியோடு ஒழிக்க முடியாது, ஆனால் அளவோடு அடக்கி வைக்க முடியும். 'மருந்து போட்டால் போகிறது, விட்டால் வருகிறது' என்பது மருந்தின் தோல்வி இல்லை. அடக்கிய பிறகு செய்ய வேண்டிய இரண்டாம் கட்டத்தை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டாக்ஸிசைக்ளின் பாக்டீரியாவைக் குறைக்கும், பூஞ்சையைத் தொடாது. போட்டிக்கு இருந்த பாக்டீரியா குறைந்ததும் பூஞ்சைக்கு இடம் தாராளமாகிவிடுகிறது. க்ளின்டாமைசின் ஜெல்லிலும் இதே கதைதான். மாத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், எழுதித் தந்த மருத்துவரிடம் 'இதில் கூடுகிறது' என்று சொல்லி மாற்றக் கேளுங்கள்.

முதலில் இது அதுதானா என்று பார்த்துவிடுவோம். பூஞ்சைப் பரு ரவையைத் தூவியதுபோல, ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அளவில், எல்லாம் ஒரே சாயலில் இருக்கும். சிலவற்றின் முனையில் துளி சீழ் தெரியும். நெற்றி, முடி ஓரம், மேல்முதுகு, தோள், மார்பு, புஜத்தின் வெளிப்புறம் இவைதான் அதன் இடங்கள். கரும்புள்ளி, வெண்புள்ளி இருக்காது. சாதாரண முகப்பருவில் அவை இருக்கும், பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கும், வலிக்குமே தவிர இவ்வளவு அரிக்காது. வேர்க்குரு என்றால் காற்றோட்டமாக இரண்டு மூன்று நாள் இருந்தாலே வாடிவிடும், இது வாரக்கணக்கில் நிற்கும். இரண்டு வகைப் பருவும் ஒரே முகத்தில் சேர்ந்து வருவதும் உண்டு. அப்படியானால் பூஞ்சை மருந்துடன் அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற முகப்பருப் பூச்சுகளைச் சேர்ப்பார்கள். மறுபடி ஆன்டிபயாடிக்கில் இறங்க வேண்டியதில்லை.

மருந்துக்குப் போகும் முன் வீட்டில் இருக்கும் ட்யூப்களை எடுத்துப் பாருங்கள். இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. 'அரிப்புக்கு ஒரு ஆயின்ட்மென்ட்' என்று கேட்டால் கடைகளில் பெரும்பாலும் கைக்கு வருவது மூன்று நான்கு மருந்து கலந்த களிம்பு: ஒரு பூஞ்சை மருந்து, ஒரு பாக்டீரியா மருந்து, கூடவே ஒரு ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் இரண்டே நாளில் அடக்கிவிடும், 'நல்ல மருந்து' என்ற நம்பிக்கை வரும். உள்ளே தோலின் எதிர்ப்பைக் குறைத்துப் பூஞ்சையை வளர விடும். போதாததற்கு ஸ்டீராய்டே தனியாக இதேபோன்ற பருவைக் கிளப்பும். அட்டையில் க்ளோபீட்டசோல், பீட்டாமெதசோன், பெக்ளோமெதசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பெயர்க் குழப்பத்தில் கவனம் வேண்டும்: க்ளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து, க்ளோபீட்டசோல் கடுமையான ஸ்டீராய்டு. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். முகத்தில் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசியிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம், தோல் சிவந்து எரியும். தோல் மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாக விடுங்கள்.

இனி ஷாம்பு. நீங்கள் பயன்படுத்துவது சரியான மருந்துதான், ஆனால் பலரும் அதைப் போடும் விதத்தில்தான் பலன் வீணாகிறது. கீட்டோகோனசோல் 1 சதவீதத்திலும் விற்கிறது, 2 சதவீதத்திலும் விற்கிறது. உங்களுக்கு வேண்டியது 2 சதவீதம். வழக்கமான தலைக்குளியலை முதலில் முடித்துவிடுங்கள். கண்டிஷனர் போடுபவர்கள் தலையை முன்னால் குனிந்து அலசுங்கள், அது முதுகில் வழிந்து படிவதுகூட மயிர்க்காலை அடைக்கும். பிறகு குழாயை மூடிவிட்டு, உடம்பில் ஒழுகும் தண்ணீரை உள்ளங்கையால் வழித்து விடுங்கள். தண்ணீர் சொட்டச் சொட்டப் போட்டால் மருந்து நீர்த்து ஓடிவிடும். முதுகுக்கும் தோளுக்கும் மார்புக்கும் சேர்த்து இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மி.லி. போதும். நெற்றிக்குக் கால் தேக்கரண்டி. விரலால் நுரைத்து மெதுவாகப் பரப்புங்கள். நார், பிரஷ், கடலைமாவுத் தேய்ப்பு எதுவும் வேண்டாம், தேய்த்தால் மயிர்க்கால் உடைந்து அழற்சி பரவும். முதுகுக்குக் கை எட்டாதென்றால் வீட்டில் ஒருவரைத் தடவச் சொல்லுங்கள்.

நுரை உடம்பில் ஐந்து நிமிடம் முழுதாக நிற்க வேண்டும், முதுகில் பத்து நிமிடம் வரை விடலாம். முகத்தில் மூன்று நிமிடத்தில் தொடங்கி, எரிச்சல் இல்லாவிட்டால் ஐந்துக்குப் போங்கள். கண்ணில் படக் கூடாது. இந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சோப்பு மாதிரிப் போட்டு அரை நிமிடத்தில் கழுவினால் மருந்து மயிர்க்காலுக்குள் இறங்க நேரமே இல்லை. முதல் இரண்டு வாரம் தினம் ஒரு முறை, தோல் காய்ந்து இழுத்தால் ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த இரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று முறை. அரிப்பு முதலில் குறையும், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில். முண்டுகள் அமுங்க மூன்று நான்கு வாரம் ஆகும். கறுத்த தழும்பு மாதக்கணக்கில் மெல்ல மங்கும், அதைப் பார்த்து 'நோய் இன்னும் போகவில்லை' என்று மருந்தைக் கூட்டாதீர்கள்.

கீட்டோகோனசோல் ஒத்துக்கொள்ளாதவர்கள் செலினியம் சல்ஃபைடு 2.5 சதவீதம் போடலாம். வாசனை பிடிக்காது, நகையின் பளபளப்பைக் கெடுக்கும், எனவே கழற்றி வைத்துவிட்டுக் குளியுங்கள். ஜிங்க் பைரிதியோன் இன்னும் மென்மையானது, பிற்பாடு பராமரிப்புக்குப் பொருந்தும்.

களிம்பு நெற்றிக்கு மட்டும் சரிப்படும். கீட்டோகோனசோல் 2 சதவீதக் களிம்பை ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம், அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் பரவும். நெற்றிக்கு அதில் பாதி, காலையும் இரவும். மேல்முதுகுக்கு இதே கணக்கில் ஒரு நாளைக்கு மூன்றரை கிராம் ஆகும், 15 கிராம் ட்யூப் நாலு நாளில் தீர்ந்துவிடும். தீருமே என்று சிக்கனமாகப் பூசினால் பலன் இருக்காது. அதனால்தான் முதுகுக்கு ஷாம்பு.

ஒரு வருடம் நீடித்து, முதுகு முழுக்கப் பரவியிருந்தால் மேற்பூச்சு மட்டும் போதாமல் போகலாம், மயிர்க்காலின் ஆழத்துக்கு அது முழுதாகப் போவதில்லை. அப்போது மருத்துவர் இட்ராகோனசோல் அல்லது ஃப்ளுகோனசோல் தருவார். இட்ராகோனசோல் வழக்கமாக ஒரு நாளைக்கு 100 முதல் 200 மி.கி., ஒன்று முதல் மூன்று வாரம். இந்தக் கேப்சூலை வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு விழுங்க வேண்டும், கரைவதற்கு வயிற்று அமிலம் தேவை. நம் ஊரில் எந்த மாத்திரையோடும் வெறும் வயிற்றில் ஒரு பான்டோபிரசோலைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. அது அமிலத்தைக் குறைத்து இந்த மருந்தை உடம்பில் ஏற விடாது. இதயச் செயலிழப்பு, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாட்டின் போன்றவை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கீட்டோகோனசோலை மாத்திரையாக எடுக்காதீர்கள், கல்லீரலைக் கெடுக்கக் கூடியது. படர்தாமரைக்குத் தந்த டெர்பினாஃபின் மாத்திரை மிச்சம் இருக்கிறதே என்று அதையும் போட வேண்டாம், வாய்வழியாக அது மலசீசியாவிடம் பலிக்காது.

எண்ணெய் விஷயத்தில்தான் வீட்டில் சண்டை வரும். சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல், இரவு தேங்காய் எண்ணெய் தடவித் தூங்குவது இரண்டையும் சிகிச்சை நடக்கும் நான்கு வாரம் நிறுத்தி வையுங்கள். தலையில் வைத்த எண்ணெய் தலையணை வழியாக நெற்றிக்கும் தோளுக்கும் இறங்குகிறது. அதன் பிறகு வைப்பதானால் குளிக்க ஒரு மணி நேரம் முன் வைத்து, நன்றாக அலசிவிடுங்கள். ஷாம்புவால் தோல் காய்ந்ததும் 'வறண்டிருக்கிறதே' என்று தேங்காய் எண்ணெய் பூசுவதுதான் திரும்ப வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம். வறட்சிக்குக் கிளிசரின் அல்லது ஸ்குவாலேன் உள்ள லேசான ஜெல் போதும். லிக்விட் பாரஃபின், வேசலின் வகையைப் பூஞ்சை தின்னாது, ஆனால் இந்த ஊர் வெயிலில் வேசலின் வியர்வையை அடைக்கும். ஒவ்வொரு கிரீமிலும் முப்பது பெயர்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு வாழ்க்கையைச் சிரமமாக்கிக்கொள்ளத் தேவையில்லை என்பது என் கருத்து. எண்ணெய்ப் பசை குறைந்ததாகப் பார்த்து வாங்கினால் போதும்.

நம் கடற்கரை ஊர்களில் வெப்பத்தைவிட ஈரப்பதம்தான் பெரிய தொல்லை. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வந்தாலும் வியர்வை காய்வதில்லை, தோலிலேயே நிற்கிறது. சிப்காட்டில் பாலியெஸ்டர் சீருடையில் வேலை பார்ப்பவர்கள், ஹெல்மெட்டோடு புதுச்சேரிக்கு வண்டியில் போய் வருபவர்கள், முதுகில் பை மாட்டுபவர்கள் எல்லோருக்கும் அந்தந்த இடத்தில்தான் பரு குவியும். உள்ளே பருத்தி பனியன் போட்டு மதியம் ஒருமுறை மாற்றுங்கள். ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணி கட்டி அதைத் தினமும் துவையுங்கள். தேவனாம்பட்டினத்தில் கடலில் குளித்தால் சரியாகும் என்று சொல்வார்கள். ஈர உடையோடு வீடு வரை வந்தால் இன்னும் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாமல் ஈரவாடையோடு போட நேரும், இஸ்திரிப் பெட்டியால் காயவைத்துப் போடுங்கள். துணியை வேகவைக்க வேண்டியதில்லை, இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டும் நோய் இல்லை.

விட்டுப்போன அந்த இரண்டாம் கட்டம் இதுதான்: தோல் தெளிந்த பிறகும் வாரம் ஒரு முறை, அதே ஐந்து நிமிடக் கணக்கில், அதே ஷாம்பு. பங்குனியில் வெக்கை தொடங்கி, கத்திரி கழிந்து, வியர்வை குறையும்வரை வாரத்துக்கு இரண்டாக்குங்கள். பொடுகு இருந்தால் தலைக்கும் சேர்த்தே போடுங்கள், தலையை விட்டுவிட்டு நெற்றிக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் நிற்காது. வேறு நோய்க்காக ஆன்டிபயாடிக் எடுக்க நேர்ந்தால், எடுக்கும் நாட்களிலும் அடுத்த இரண்டு வாரமும் ஷாம்புவை வாரத்துக்கு இன்னொரு முறை கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒழுங்காகச் செய்தும் ஆறு வாரத்தில் மாற்றமில்லை என்றால் நோயே வேறாக இருக்கலாம். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் தோல் பிரிவிலோ, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ காட்டுங்கள். பருவைச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா ஒளியிலும் பார்க்கலாம். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூஞ்சை மருந்து எதையும் போடாதீர்கள், போட்டால் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகும். திரும்பத் திரும்ப வருவதால் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இதுவரை பூசிய ட்யூப், அட்டை அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.