ஸ்பானர் எது, கடை எது: வடசென்னை மெக்கானிக்குகளின் கேள்விகளும் பதில்களும்

கைக்கருவி பிராண்டுகள், விக்கிற கடைகள், எதை எந்த வேலைக்கு வாங்கணும்னு கேட்டு வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

கொருக்குப்பேட்டை, டூவீலர் பட்டறை: அண்ணே, புதுசா பட்டறை போடுறேன். டூல்ஸுக்கு 15,000 ரூபா ஒதுக்கியிருக்கேன். ஆன்லைன்ல 100 பீஸ் பெட்டி ஒண்ணு வருது. அதையே வாங்கிடவா?

வேணாம் தம்பி. அந்த மாதிரி பெட்டியில எண்ணிக்கையை ஏத்துறது பிட்டும் ஆலன் கீயும்தான். உங்க கை தினம் தேடப்போறது 8, 10, 12, 14, 17 மிமீ ஸ்பானர். ஜப்பான் வழியில வந்த வண்டிங்கள்ல 6 மிமீ போல்ட்டுக்கு 10 தலை, 8 மிமீக்கு 12, 10 மிமீக்கு 14, 12 மிமீக்கு 17. ஐரோப்பியக் கணக்குல 8 மிமீக்கு 13 தலை, 10 மிமீக்கு 16 (பழசுன்னா 17). வண்டி எந்த வழியோ, அந்த சைஸ்தான் முதல்ல தேயும்.

ஓபன் ஸ்பானர் 8 பீஸ் செட், ரிங் ஸ்பானர் செட், 8, 10, 12-ல டி ஸ்பானர், 3 நூல் டிரைவ் (சாக்கெட் மாட்டுற சதுர முனை 3/8 இன்ச்) ராட்செட், அதுக்கு 8-லேர்ந்து 19 வரைக்கும் ஆறு மூலை சாக்கெட். இதுக்கு தபாரியா, ஈஸ்ட்மேன் தாராளமாப் போதும். தபாரியா நாசிக்ல செய்யறது, ஈஸ்ட்மேன் லூதியானா. ரெண்டும் நம்ம ஊர்ல எந்த டூல்ஸ் கடையிலயும் உதிரியாக் கிடைக்கும். அந்த உதிரிதான் முக்கியம். 10-ம் 12-ம் மத்ததைவிட சீக்கிரம் போகும், அப்போ ஒண்ணே ஒண்ணு வாங்கிக்கலாம்.

ஓபன் செட்டுல ஒண்ணு கவனிங்க. வழக்கமா 6-7-ல ஆரம்பிச்சு 18-19, கடைசியா 20-22. நடுவுல 21 கிடையாது. ஹூண்டாய் வீல் நட்டு 21, பழைய பெரிய ஸ்பார்க் பிளக்கும் 21. அதைத் தனியா சாக்கெட்டா வாங்கி வச்சுக்கங்க.

காசை எங்க கூட்டணும்னா ராட்செட்டுலயும் ஸ்க்ரூ டிரைவர்லயும் சர்க்ளிப் (பூட்டு வளையம்) கழட்டுற பிளேயர்லயும். சுத்தியல், வெட்டுளி, டிரேக்கெல்லாம் பிராண்டு பாக்க வேணாம்.

தண்டையார்பேட்டை, டூவீலர் மெக்கானிக்: கார்புரேட்டர் கப் ஸ்க்ரூ எல்லாம் நட்சத்திரம் அழிஞ்சு போயிடுது. நல்ல டிரைவர்தான் போடுறேன். ஏன்?

டிரைவர் நல்லதுதான், ஆனா வேற ஜாதி. சாதாரண கூட்டல்குறி டிரைவரான பிலிப்ஸோட முனை, ஓரளவு டார்க் (திருப்பு விசை) ஏறினதும் பள்ளத்தைவிட்டு மேல வழுக்கி வரும். ஜப்பான் வண்டியில இருக்கிற கூட்டல்குறி ஸ்க்ரூ ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) வகை, அதோட பள்ளத்துல பிலிப்ஸ் முனை அடிவரைக்கும் போய் உக்காராது. ஸ்க்ரூ தலையில கூட்டல்குறி பக்கத்துல ஊசி முனை அளவு ஒரு புள்ளி குத்தியிருந்தா அது ஜேஐஎஸ். அதுக்கு வெஸ்ஸல் மாதிரி ஜப்பான் டிரைவர் வாங்குங்க. 4, 5 மிமீ ஸ்க்ரூவுக்கு 2-ம் நம்பர், கிராங்க் கவர்ல வர 6 மிமீ ஸ்க்ரூவுக்கு 3-ம் நம்பர். 3 போட வேண்டிய இடத்துல 2 போட்டாலும் இதே கதிதான். சரியான முனை போட்டா, டிரைவரைப் படுக்கையாப் பிடிச்சாலும் ஸ்க்ரூ முனையிலயே நிக்கும். வாங்குற டூல்ஸ்லயே செலவு குறைஞ்சு லாபம் அதிகம் தர்றது இதுதான்.

ஏற்கெனவே இறுகிப் போனதுக்கு, சுத்தியலால அடிச்சா திரும்புற இம்பேக்ட் டிரைவர். கார்புரேட்டர்ல மட்டும் அதை வைக்காதீங்க, பாடி விரிஞ்சிடும்.

மணலி, டிரெய்லர் வேலை: ஏர் கன்ல போட்ட சாக்கெட் மூணு மாசத்துல ரெண்டு பிளந்துடுச்சு. பெரிய கம்பெனி சரக்குதான். கடைக்காரர் மாத்தித் தரமாட்டேங்கிறார்.

சாக்கெட் பளபளன்னு குரோம் பூச்சோட இருந்துச்சா? இருந்தா கடைக்காரர் பக்கம்தான் நியாயம். பளபள சாக்கெட் கையால திருப்புறதுக்கு: குரோம் வெனேடியம், கெட்டி அதிகம், சுவர் மெல்லிசு. கன் குடுக்கிறது திருப்பு இல்ல, அடி. அந்த அடியில முதல்ல குரோம் செதில் செதிலாத் தெறிக்கும் (கண்ணுல பட்டா ஆபத்து), அப்புறம் சதுர ஓட்டையோட மூலையிலேர்ந்து விரிசல் ஓடும். கன்னுக்கு இம்பேக்ட் சாக்கெட்: குரோம் மாலிப்டினம், தடிமன் சுவர், கறுப்பு நிறம், பக்கவாட்டுல குறுக்கு ஓட்டை. அந்த ஓட்டையில பின்னும் அதை மூடுற ரப்பர் வளையமும் போடணும். நம்ம பக்கம் கட்டுக்கம்பியைச் சுத்தி விடுறாங்க. கம்பி அறுந்தா சாக்கெட் பறக்கும்.

அடுத்தது சைஸ். 10 ஸ்டட் வீல்ல 22 மிமீ போல்ட்டு, நட்டு 32-ம் உண்டு 33-ம் உண்டு. "ஒரு மிமீதானே"ன்னு 32 நட்டுல 33 சாக்கெட் போட்டா ஆறு பக்கமும் சாக்கெட்டைத் தொடாது, ஆறு மூலை மட்டும்தான் தொடும். மூலை உருண்டு போறதும் சாக்கெட் பிளக்குறதும் ரெண்டுமே அதுலதான். வெர்னியர் (அளவு பாக்குற காலிப்பர்) வச்சு நட்டை அளந்துட்டு வாங்குங்க. ஒரு இன்ச் டிரைவ்ல 32, 33 ரெண்டும் தனித்தனியா வச்சு, கலர் பெயிண்ட் அடிச்சு வைங்க. கன் டிரைவும் சாக்கெட் டிரைவும் ஒண்ணா இருக்கணும், நடுவுல அடாப்டர் போட்டா அடாப்டர்தான் முதல்ல போகும்.

இறுக்குறதைக் கன்லயே முடிக்காதீங்க. இந்த வகை நட்டுக்கு டார்க் 600 நியூட்டன் மீட்டர் பக்கம் வரும், சரியான எண் வண்டியோட கையேட்டுல இருக்கும். குறுக்குக் குறுக்கா கன்ல உக்கார வச்சிட்டு, கடைசி இறுக்கு பெரிய டார்க் ரெஞ்ச்ல. 50-லேர்ந்து 100 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடியும் பாக்கணும்.

மாதவரம், கார் பட்டறை: ஸ்நாப்-ஆன், ஹாசெட், ஸ்டால்வில்லேன்னு வெளிநாட்டு பிராண்டுங்களைப் பேசுறாங்களே, அந்த விலை தகுமா?

தரத்துல சந்தேகமே வேணாம். ஆனா அந்த விலையில எது உங்களுக்கு வந்து சேருதுன்னு பாருங்க. ஸ்நாப்-ஆன் 1920-ல அமெரிக்காவுல தொடங்கினது. அங்க வியாபாரி வேன்லயே பட்டறை வாசலுக்கு வருவார், உடைஞ்சதை வாசல்லயே மாத்திக் குடுப்பார், தவணையும் உண்டு. விலையில ஒரு பங்கு அந்த வேனுக்கு. மாதவரத்துக்கு அந்த வேன் வராது. உடைஞ்சா நீங்க அனுப்பி, காத்திருந்து வாங்கணும், அதுவரைக்கும் தூக்கின வண்டி தூக்கினபடி நிக்கும்.

அதனால முழு செட்டா வேணாம், இடம் பாத்து ஒண்ணு ரெண்டு. சாக்கெட்டுக்கு கோக்கன், அந்த ஜப்பான் கம்பெனியோட தனித்திறமையே சாக்கெட்தான், சுவர் மெல்லிசா இருந்தும் தாங்கும். பிளேயருக்கு க்னிபெக்ஸ். ரிங் ஸ்பானர் ஒல்லியா வேணும்னா ஸ்டால்வில்லே, கேடிசி. இடுக்குல நுழையற மெல்லிசுக்காகத்தான் அந்தக் காசு. இடம் தாராளமா இருக்கிற நட்டுக்கு இந்திய ஸ்பானரும் அதே வேலையைத்தான் செய்யும்.

வியாசர்பாடி, ஆட்டோ மெக்கானிக்: டூப்ளிகேட் எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாரண்டின்னு சொல்றாங்களே, அது நிஜமா?

எழுத்து மேடா இருக்கா பள்ளமா இருக்கான்னு பாக்குறதை மட்டும் நம்பாதீங்க, அதையும் இப்போ அப்படியே அடிக்கிறாங்க. கையில ஒரு போல்ட்டு எடுத்துட்டுப் போங்க. துரு, அடி எதுவும் படாத புது எம் 8 (8 மிமீ) போல்ட்டு, 13 தலை. கடையில 13 ஸ்பானரை அதுல மாட்டி மெதுவா ஆட்டுங்க. லேசா அசையலாம். லொடலொடன்னா வேணாம். வெர்னியர் இருந்தா வாய் 13.05-லேர்ந்து 13.25 பக்கம் காட்டும், 13.3-ஐத் தாண்டினா வச்சிட்டு வந்துடுங்க. அப்புறம் வாயோட உள்பக்கத்துல விரலை ஓட்டுங்க. குரோம் சொட்டுச் சொட்டாத் திரண்டிருந்தாலும், ஓரத்துப் பிசிறைக் கிரைண்டர்ல கோணல்மாணலா எடுத்திருந்தாலும் அது கம்பெனி வேலை இல்ல. பெட்டியில போட்டிருக்கிற மாடல் எண்ணும் கருவியில இருக்கிறதும் ஒண்ணா, பேர்ல ஒரு எழுத்து மாறியிருக்கான்னும் பாருங்க.

லிங்கி செட்டித் தெரு மாதிரி கடைங்க வரிசையா இருக்கிற இடத்துல மூணு கடை ஏறி விலை கேளுங்க. ரெண்டு கடை ஒரே விலை சொல்லி, ஒண்ணு மட்டும் பாதி விலை சொன்னா அந்தப் பாதிக்கு ஒரு காரணம் இருக்கும்.

வாரண்டி நிஜம்தான், பில்லு இருந்தா. வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க: "உடைஞ்சா இங்கேயே மாத்துவீங்களா, கம்பெனிக்கு அனுப்புவீங்களா, எத்தனை நாள்?" இதுக்கு நேரா பதில் சொல்ற கடைக்கு அஞ்சு சதவீதம் கூடக் குடுக்கலாம். பைப் போட்டு நீட்டினது, சுத்தியலால அடிச்சது, கிரைண்டர்ல தேச்சது, கேஸ்ல காய்ச்சினது எதுக்கும் யாரும் மாத்தமாட்டாங்க. ஸ்பானர் உடம்பைப் பாத்ததுமே தெரிஞ்சிடும்.

காசிமேடு, போட் இன்ஜின் வேலை: எந்தக் கம்பெனி வாங்கினாலும் ஒரு மழைக்காலத்துல துரு. துருப் பிடிக்காத பிராண்டு சொல்லுங்கண்ணே.

அப்படி ஒண்ணு இல்ல தம்பி. குரோம் பூச்சுல கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கும், உப்பு அது வழியா இறங்கி அடியில இரும்பை அரிக்கும். பூச்சு உரிஞ்சா பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும். அந்த ஸ்பானரைத் தூக்கிப் போட்டுடுங்க. மத்ததுக்கு: வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணியில கழுவணும், துணியால துடைக்கணும், அப்புறம்தான் எண்ணெய். கழுவாம எண்ணெய் தடவினா உப்பை உள்ள வச்சு மூடின மாதிரி. ஈரச் சாக்குல சுருட்டி வைக்கிறதுதான் பெரிய எமன்.

உங்க வேலைக்குக் கப்ளிங் போல்ட்டு உப்புல இறுகியிருக்கும். அதுக்கு ரிங் ஸ்பானரை அடிச்சு உடைக்காம ஸ்லாக்கிங் ஸ்பானர் வாங்குங்க. கட்டை குட்டையா, தடியா, அடி வாங்கவே செஞ்சது. முந்தின ராத்திரியே ஊடுருவுற எண்ணெய் விட்டு வைங்க.

திருவொற்றியூர், பழைய புல்லட்: காஸ்ட் அயர்ன் இன்ஜின். 13 ஏறமாட்டேங்குது, 14 வழுக்குது.

அது விட்வொர்த் சைஸ், பழைய பிரிட்டிஷ் இன்ச் கணக்கு. அந்த ஸ்பானர்ல இருக்கிற எண் போல்ட்டோட விட்டம், தலையோட அகலம் இல்ல. கால் இன்ச் விட்வொர்த்னா வாய் 13.3 மிமீ, அதான் 13 ஏறல. 5/16 ஆனா 15.2. 3/8 சரியா 18 மிமீ, அதுக்கு மட்டும் மெட்ரிக்கே போதும். பிஎஸ்எஃப் (பிரிட்டிஷ் நெருக்க மரை) கணக்குல ஒரு படி மாறும்: கால் விட்வொர்த்தும் 5/16 பிஎஸ்எஃப்பும் ஒரே வாய். ஸ்பானர்ல ரெண்டும் பொறிச்சிருப்பாங்க. முந்தி யாராவது மெட்ரிக் போல்ட்டு மாத்திப் போட்டிருப்பாங்க, அதனால ஒவ்வொண்ணா அளந்து பாருங்க.

பெரம்பூர், பட்டறை உரிமையாளர்: டார்க் ரெஞ்ச் ஒண்ணே வாங்கி எல்லாத்துக்கும் வச்சுக்கலாமா?

முடியாதும்மா. 40–200 ரெஞ்ச்ல 10 நியூட்டன் மீட்டர் வேண்டிய 6 மிமீ போல்ட்டை இறுக்கினா கிளிக் வர்றதுக்குள்ள மரை போயிடும். 5–25 ஒண்ணு, 40–200 ஒண்ணு. பழைய கையேட்டுல டார்க்கைக் கிலோ-விசை மீட்டர்ல (kgf·m) போட்டிருந்தா, நியூட்டன் மீட்டருக்கு 9.81-ஆல பெருக்குங்க. கிளிக் ஒரு தடவை போதும், ரெண்டாவது தடவை இழுத்தா கூடும். மரையில எண்ணெய் இருந்தா அதே எண்ணுல போல்ட்டு அதிகமா நீளும், கையேடு சொல்லாத இடத்துல காயவே போடுங்க. கழட்டுறதுக்கு அதைத் தொடவே கூடாது. வேலை முடிஞ்சா ஸ்கேல்ல இருக்கிற குறைஞ்ச எண்ணுக்கு இறக்கி வைங்க, அதுக்கும் கீழ திருகாதீங்க. 5,000 கிளிக் இல்ல 12 மாசம், எது முந்துதோ அப்போ என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் குடுக்கிற வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துல அளவு சரிபாக்கணும்.

ராயபுரம்: 24 பல் ராட்செட்டா, 72 பல்லா?

24-ன்னா ஒரு பல்லுக்கு 15 டிகிரி, 72-ன்னா 5 டிகிரி. இடுக்குல 72. முரட்டு இழுப்புக்கு ராட்செட்டே வேணாம், பவர் பார் (பல் இல்லாத நீளக் கைப்பிடி) போட்டுத் தளர்த்திட்டு அப்புறம் ராட்செட்.

எண்ணூர்: ஈவினிங் பஜார்ல பழைய ஜாலானி ஸ்பானர் கிடைக்குது. வாங்கலாமா?

தாராளமா, பாத்து வாங்குங்க. வாய் விரிஞ்சிருக்கா, எங்கயாவது நீலம் பாஞ்சிருக்கா? நீலம்னா காய்ச்சினது, அந்த இடத்துல கெட்டி போயிருக்கும். விரிசல் பாக்க மண்ணெண்ணெயில கால் மணி நேரம் ஊற வச்சு, நல்லாத் துடைச்சிட்டு சாக்பீஸ் பொடி தடவுங்க. விரிசல் இருந்தா உள்ள இறங்கின எண்ணெய் மேல கசிஞ்சு வெள்ளையில கறுப்புக் கோடாத் தெரியும். வாய் வளையற மூலையிலதான் அது முதல்ல வரும்.