பழைய காரை நன்கொடையாகக் கொடுத்தால் முழு மதிப்பும் வரியில் கழியுமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். கணவன், மனைவி சேர்ந்தே வரிக்கணக்கு தாக்கல் செய்கிறோம். எங்கள் பழைய காரின் சந்தை மதிப்பு 4,000 டாலர். 2026இல் அதைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் 4,000 டாலரையும் கழித்துக்கொள்ளலாமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. இப்படி வரும் கார்களில் பெரும்பாலானவை இடைத்தரகர் வழியாக நேரே ஏலத்துக்குப் போகின்றன. ஏலத்தில் 1,200 டாலருக்கு விலைபோனால் உங்கள் கழிவும் 1,200தான். 500 டாலரோ அதற்குக் குறைவாகவோ போனால், சந்தை மதிப்பு, 500 டாலர் இரண்டில் எது குறைவோ அது. நிறுவனமே காரைத் தன் பணிக்குக் கணிசமாக ஓட்டினாலோ, பெரிய அளவில் சீர்செய்து விற்றாலோ, வசதியற்ற ஒருவருக்கு மிக மலிவாகக் கொடுத்தாலோதான் முழு மதிப்பும் கிடைக்கும். அதையும் நிறுவனம் எழுத்தில் தர வேண்டும்.

அதைவிடப் பெரிய தடை, செலவுக் கணக்கு காட்டாமலே வருமானத்தில் கழித்துக்கொள்ளக்கூடிய நிலையான தொகையான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன். சேர்ந்து தாக்கல் செய்வோருக்கு 2026இல் அது 32,200 டாலர். வீட்டுக்கடன் வட்டி, மாநில வரி, நன்கொடை எல்லாம் சேர்ந்தும் அதைத் தாண்டாவிட்டால் காரால் ஒரு சென்ட்கூட வரி குறையாது. தாண்டினாலும், 2026 முதல் உங்கள் வருமானத்தில் 0.5 சதவீதம் வரையிலான நன்கொடைக்குக் கழிவு கிடையாது.

எனவே கார் ஓடும் நிலையில் இருந்தால் நீங்களே விற்று, பணமாகக் கொடுங்கள். செலவுகளைத் தனித்தனியே பட்டியலிட்டுக் கழிக்காத (ஐட்டமைஸ் செய்யாத) தம்பதிக்கும் 2026 முதல் 2,000 டாலர் வரை ரொக்க நன்கொடைக்குக் கழிவு உண்டு. பொருளாகக் கொடுத்தால் இந்தச் சலுகை இல்லை. 22 சதவீத வரி அடுக்கில் இருந்தால், 2,000 டாலர் கழிவால் 440 டாலர் வரி மிச்சம். இடைத்தரகர் பங்கு போகாததால் தொண்டு நிறுவனத்துக்கும் கூடுதலாகவே சேரும். ஓடாத, விற்கவும் முடியாத காரை மட்டும் நேராகக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது; இழுத்துச் செல்லும் செலவாவது மிச்சமாகும்.

அப்படிக் கொடுப்பதென்றால், மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடிச் சரிபாருங்கள். கழிவு 500 டாலருக்கு மேல் என்றால், கார் விற்ற 30 நாளுக்குள் நிறுவனத்திடமிருந்து 1098-சி படிவம் (கார் நன்கொடைக்கான சான்று) உங்களுக்கு வர வேண்டும். அதை இணைக்காமல் தாக்கல் செய்தால் கழிவு நிற்காது. கூடவே, பொருளாகக் கொடுத்த நன்கொடைக்கு நீங்கள் நிரப்ப வேண்டிய 8283 படிவமும் வேண்டும்.

டைட்டிலில் (காரின் உரிமைப் பத்திரம்) வாங்குபவர் பெயரைக் காலியாக விட்டுக் கையெழுத்திடச் சிலர் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். பெயர் மாறாமலே கார் கைமாறினால் பார்க்கிங் அபராதமும் டோல் பாக்கியும் உங்கள் முகவரிக்குத்தான் வரும். நிறுவனத்தின் பெயரையே எழுதி, கார் கைமாறியதை மாநில வாகனத் துறைக்குத் தெரிவியுங்கள். நம்பர் பிளேட்டை என்ன செய்வது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. காப்பீட்டை ரத்து செய்வது இவையெல்லாம் முடிந்த பிறகுதான்.