ரமலான் நோன்பு மாதத்தில் டைரி எழுதுவீர்களா? விடாமல் எழுத முடிகிறதா?

எழுதுகிறேன், 2019-லிருந்து. ஆனால் முதல் வருடம் தப்பாக எழுதினேன். கடையில் வாங்கிய டைரியில், இங்கிலீஷ் தேதிக்குக் கீழே. நோன்புதான் வருடா வருடம் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துவிடுமே! மலேசியாவில் முதல் நோன்பு 2023-ல் மார்ச் 23, 2024-ல் மார்ச் 12, 2025-ல் மார்ச் 2. போன வருடம் இதே தேதியில் என்ன செய்தேன் என்று புரட்டினால், முதல் பத்து நாளுக்கு அங்கே நோன்பே இருக்காது.

இப்போது தனி நோட்டு. நோன்பின் முதல் நாள் பிறை 1, அடுத்தது பிறை 2 என்று நாளுக்கொரு பக்கம். எல்லா வருடமும் அதே பக்கத்தில் இரண்டு வரி. சூரியன் மறையும் மஃரிபோடு நாள் மாறிவிடுவதால், முதல் இரவின் தராவீஹ் தொழுகையும் பிறை 1-ல்தான் சேரும்.

இரவில் எழுத நினைக்காதீர்கள், தூங்கிவிடுவீர்கள். நான் விடியுமுன் சஹர் சாப்பிட்டு, அதிகாலை சுபுஹு தொழுகையின் பாங்குக்காகக் காத்திருக்கும் நேரத்தில் முந்தின நாளை எழுதுவேன். பினாங்கில் பாங்கு ஆறு மணி தாண்டித்தான் என்பதால் அவசரமில்லை.

எழுதுவது பெரிய விஷயமெல்லாம் இல்லை. பாதிப் பக்கங்களில் கஞ்சிதான். வாப்பா மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தூக்குச்சட்டியோடு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குப் போய் வாங்கி வருவார். 2020-ல் கொரோனாவால் பள்ளி பூட்டிக் கிடந்தது. அந்த வருடத்துப் பிறை 1-ல் இப்படி இருக்கிறது: "உம்மா கஞ்சி காய்ச்சினார்கள். வெந்தயம் கூடிப்போச்சு. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்." அந்தப் பக்கத்துக்கு வந்தால் இப்போதும் கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன்.

பெண்கள் கேட்டிருந்தால் இன்னொன்றும் சொல்வேன், சரி, சொல்லியே விடுகிறேன். மாதவிடாய் நாட்களில் விட்ட நோன்புகளுக்கு ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன். பெருநாள் முடிந்து, விட்டதற்கு ஈடாகக் களா நோன்பு நோற்கும்போது ஒவ்வொன்றாக அடிப்பேன். முன்பெல்லாம் "போன வருடம் ஆறா, ஏழா?" என்று குழம்புவேன்; இப்போது அந்தத் தலைவலி இல்லை. தம்பி ஒருமுறை நோட்டை எடுத்துப் புரட்டிவிட்டு, "லாத்தா, இந்தப் புள்ளியெல்லாம் என்ன?" என்றான்.

"கடன் கணக்கு" என்றேன்.

"யாருக்கு, எவ்வளவு?" என்று விடாமல் கேட்டான். நோட்டு இப்போது அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது.