கூலன்ட் மாற்றிய பிறகு முள் ஏறுகிறதா? காற்றைத் தேடுங்கள்

கேள்வி: ஐயா, என்னுடையது பத்து வருடப் பழைய பெட்ரோல் கார். போன வாரம் மன்னார்குடியில் ரேடியேட்டர் ஹோஸ் மாற்றிப் புது கூலன்ட் (எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவம்) ஊற்றினார்கள். அதிலிருந்து நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்து நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடுகிறது. டேஷ்போர்டுக்குள் களகளவென்று தண்ணீர் உருளும் சத்தம் வேறு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?

பதில்: கழற்ற வேண்டாம். எஞ்சின் சூடேறியதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அந்தக் களகள சத்தம்தான் துப்பு. ஹீட்டரின் சின்ன ரேடியேட்டர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குள் கூலன்டோடு காற்றும் சேர்ந்து ஓடினால்தான் அப்படிக் கேட்கும்.

வயலில் மோட்டார் காற்று வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் சுற்றும், தண்ணீர் வராது. குடத்தில் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் இழுக்கும். கார் எஞ்சினின் வாட்டர் பம்பும் அதே வகைதான். காற்று சிக்கினால் கூலன்ட் சுற்றி ஓடுவது தடைபடும். தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து, பல வண்டிகளில் 80, 90 டிகிரி வாக்கில் வழியைத் திறக்கும். அதைச் சுற்றிக் கூலன்டுக்குப் பதில் காற்று நின்றால் சூடு சரியாக எட்டாது, தாமதமாகத் திறக்கும். அதைக் கழற்றிவிட்டால் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். காற்றோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதலில் ஒரு கணக்கு. பழைய கூலன்ட் எத்தனை லிட்டர் வடிந்தது, புதிது எத்தனை லிட்டர் போனது என்று கேளுங்கள். நாலு வடிந்து மூன்றுதான் போயிருந்தால், மீதி ஒரு லிட்டர் இடத்தில் இருப்பது காற்று.

இனி வேலை. இரவு முழுக்க ஆறிய எஞ்சினில்தான் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் பீறிட்டு முகத்தில் அடிக்கும். காற்று மேலே ஏறும் குணமுள்ளது, அதனால் ரேடியேட்டர் வாய்தான் எல்லாவற்றையும் விட உயரத்தில் இருக்க வேண்டும். நம் டெல்டாவில் மேட்டுக்கு எங்கே போவது? ஆற்றங்கரைக்கு ஏறும் வண்டிப்பாதைச் சரிவு போதும், போக்குவரத்து இல்லாத இடமாகப் பார்த்து முகப்பு மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள்.

மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் கழுத்து வரை மெதுவாகக் கூலன்ட் ஊற்றுங்கள். சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் பக்கத்திலோ ஹீட்டர் ஹோஸிலோ காற்று எடுக்கும் திருகு இருக்கும். குமிழி நின்று கூலன்ட் மட்டும் வழியும்வரை அதைத் தளர்த்தி வைத்துவிட்டு மூடுங்கள். முரட்டுத்தனமாக இறுக்கினால் உடைந்துபோகும். அப்புறம் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஹீட்டர் காற்றாடியைக் குறைத்து, ரேடியேட்டர் மூடி திறந்தபடியே எஞ்சினை ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓட விடுங்கள். நம் ஊரில் யாரும் ஹீட்டர் பட்டனைத் தொடுவதில்லை. ஆனால் பல கார்களில் அதைத் திறந்தால்தான் அந்தப் பக்கத்துக் காற்று வெளியே வரும்.

பதினைந்து, இருபது நிமிடம் பொறுமை வேண்டும். குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தடித்த துணியோடு பிடித்து அமுக்கி விட்டால் தங்கிய குமிழி நகரும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும், மட்டம் ஒரேயடியாக இறங்கும். அதையும் நிரப்புங்கள். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நின்று, குமிழியும் நின்று, ஹீட்டரில் நல்ல சூடு வந்தால் மூடிவிடலாம். ஃபேன் ஓடவே இல்லையென்றால் கேட்டில் முள் ஏறுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதை முதலில் பாருங்கள்.

மிச்சக் காற்று அடுத்த இரண்டு மூன்று நாளில் வெளியேறும். காலையில் ரிசர்வ் டப்பாவில் மட்டம் பார்த்து ஊற்றினால் போதும். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி. ஏற்கெனவே கலந்து விற்பதை வாங்கினால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. வடித்த கூலன்ட் இனிக்கும், விஷம். மாடு, நாய் வாய் வைக்கும் இடத்தில் வைக்காதீர்கள், வாய்க்காலில் கொட்டாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் காற்று திரும்பத் திரும்ப வந்தால், அது ஹோஸ் மாற்றும்போது தங்கிய காற்று அல்ல. மூடியின் ரப்பர் போயிருக்கலாம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய சில நிமிடத்திலேயே ஹோஸ் கல் போல இறுகினாலோ, ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறினாலோ ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) சந்தேகியுங்கள். அப்போது வண்டியை ஓட்டாமல் நல்ல பட்டறையில் காட்டுங்கள்.

சரிசெய்யும்வரை ரயில்வே கேட் மூடியிருந்தால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஓடும்போது முள் ஏறினால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுதாகத் திறங்கள், கொஞ்சம் சூடு இறங்கும். சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். நன்றாக ஆறும்வரை மூடியில் கை வைக்காதீர்கள்.