பேய் சொன்ன சாட்சி செல்லுமா?

கேள்வி: கொஞ்ச நாளாக ஒரு துப்பறியும் நாவல், அடுத்து ஒரு ஃபேன்டஸி என்று மாற்றி மாற்றிப் படிக்கிறேன். எதை எடுத்தாலும் ஏதோ ஒரு தொடரின் நடுப் பாகமாகவே இருக்கிறது. முதல் பாகத்தைத் தேடிப்பிடித்துத்தான் தொடங்க வேண்டுமா?

பதில்: துப்பறியும் தொடருக்கு அவசியமில்லை. கொலை நடந்த பாகத்திலேயே கொலைகாரர் அகப்பட்டுவிடுவார், அதனால் கையில் கிடைத்ததை எடுத்துப் படிக்கலாம். துப்பறிபவருக்கு எப்போது கல்யாணம் ஆனது, எப்போது மனைவி கோபித்துக்கொண்டு போனார் என்பதெல்லாம் முன்பின்னாகத் தெரியும், அவ்வளவுதான். பல தொடர்களில் முதல் பாகம் ஒத்திகை மாதிரி இருப்பதும் உண்டு. நம்ம கணேஷையே பாருங்கள், சுஜாதா அவரை முதலில் தனியாகத்தான் வேலைக்கு அனுப்பினார், வசந்த் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர். வசந்த் இல்லாத கணேஷை இன்று யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

ஃபேன்டஸி அப்படி இல்லை. மூன்றாம் பாகத்தில் தலையை நுழைத்தால் யார் எந்த வம்சம், யாருக்கு யார் மேல் பழி என்று எதுவும் பிடிபடாது. பெரிய விதிவிலக்கு டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட். 1983 முதல் 2015 வரை 41 நாவல்கள், முதல் இரண்டும் அவ்வளவு நன்றாக இருக்காது, அவருடைய பரம ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். உங்களுக்கு 'ஃபீட் ஆஃப் க்ளே' பொருந்தும். நகரத்தை ஆளும் மனிதருக்கு யாரோ கொஞ்சம் கொஞ்சமாக விஷம் வைக்கிறார்கள், எதில் வைக்கிறார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. காவல் படைத் தலைவர் வைம்ஸ் அந்த அறையில் இருக்கும் ஒவ்வொரு பொருளாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே போவார். தடயவியல் வேலைக்கு ஒரு குள்ளர் இனத்து ரசவாதி, மோப்பம் பிடிக்க ஓநாயாக மாறும் ஒரு பெண் காவலர். இவ்வளவு இருந்தும் விடை, வாசகர் கண்முன்னே வைத்துவிட்டுப் போன ஒரு சாதாரணப் பொருளில் இருக்கிறது.

கேள்வி: மந்திரம் இருக்கும் உலகத்தில் துப்பறிய என்ன இருக்கிறது? மந்திரவாதி மை போட்டுப் பார்த்துக் கொலைகாரர் பெயரைச் சொல்லிவிட மாட்டாரா?

பதில்: இந்தப் பயம் பழசு. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரே துப்பறியும் கதைகளும் எழுதியவர், 1929-இல் இந்தவகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். அமானுஷ்யம் எதுவும் கூடவே கூடாது என்பது அதில் ஒன்று. ரகசிய அறை மட்டும் ஒன்றே ஒன்று இருக்கலாமாம், பெரிய மனசு!

அவர் பயந்தது நியாயம்தான், ஆனால் தடை போட்டது அதிகம். மந்திரம் என்னவெல்லாம் செய்யும் என்பதைவிட எதையெல்லாம் செய்யாது என்பதைக் கொலைக்கு முன்பே வாசகருக்குச் சொல்லிவிட்டால் ஆட்டம் நேர்மையாகிவிடுகிறது. ராண்டல் காரெட் 1960-களிலேயே, லார்டு டார்சி என்ற துப்பறிபவரை வைத்து எழுதிய கதைகளில் இதைச் செய்து காட்டினார். அங்கே மந்திரவாதி என்பவர் நம் தடயவியல் ஆய்வாளர் மாதிரி, இந்தத் துணி அந்தச் சட்டையிலிருந்து கிழிந்ததுதான் என்று சான்று தருவார், அதற்கு மேல் மூளையை டார்சிதான் செலவழிக்க வேண்டும்.

பென் ஆரனோவிச்சின் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' 2011-இல் வந்தது. கொலை நடந்த இடத்தில் இரவுக் காவலுக்கு நிற்கும் ஓர் இளம் கான்ஸ்டபிளிடம் ஒருவர் வந்து, நடந்ததை நான் பார்த்தேன் என்கிறார். அவர் பேய். கான்ஸ்டபிள் அலறவில்லை, வாக்குமூலம் வாங்கத் தொடங்குகிறார்! பேய் சொன்ன சாட்சி நீதிமன்றத்தில் நிற்காது, அதனால் மறுபடி கால்தேய அலைந்து தடயம் தேட வேண்டியதுதான். இந்தத் தொடரில் மந்திரம் போட்டால் பக்கத்தில் இருக்கும் செல்போனின் சிப் பொடிப்பொடியாகிவிடும். ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு போன் செலவு என்றால் மந்திரவாதியும் யோசித்துத்தான் வாயைத் திறப்பார்.

சமீபத்தில் படித்ததில் என்னைத் தூங்கவிடாதது ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் 'தி டெயின்டெட் கப்'. 2024-இல் வந்தது, மறு ஆண்டு ஹியூகோ விருது வாங்கியது. ஒரு பணக்கார மாளிகையில் ராணுவ அதிகாரி ஒருவர் செத்துக் கிடக்கிறார், உடம்புக்குள்ளிருந்தே மரம் முளைத்துக் கூரையைப் பிளந்துகொண்டு போயிருக்கிறது. விசாரிக்கும் பெண்மணி கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர், வெளியே போய்ப் பார்த்து வருவது அவருடைய இளம் உதவியாளர். (1934-இல் அறிமுகமான, வீட்டை விட்டு நகராத துப்பறிபவர் நீரோ உல்ஃபும் அவருக்காக வெளியே அலையும் உதவியாளர் ஆர்ச்சியும் ஞாபகம் வந்தால் நீங்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்.) அந்தப் பையனுக்குப் பார்த்தது எதுவும் மறக்காது. ஆனால் நினைவைத் திரும்ப எடுக்க வாசனை வேண்டும், சாட்சியிடம் பேசும்போது ஒரு குப்பியைத் திறந்து முகர்ந்துகொள்வான், பிறகு அதே குப்பியை முகர்ந்தபடி அந்தப் பெண்மணியிடம் எல்லாவற்றையும் ஒப்பிப்பான். வாட்சனின் வேலைக்கு இப்படி ஒரு கருவியை யார் யோசித்தார்களோ என்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பாகமும் வந்துவிட்டது, கொலை முதல் பாகத்திலேயே தீர்ந்துவிடும் என்பதால் பயப்படாமல் தொடங்கலாம்.

கேள்வி: எழுத்தாளர் முடிக்காத தொடரைத் தொடங்கலாமா?

பதில்: பாகத்துக்குப் பாகம் கணக்குத் தீரும் தொடர் என்றால் தாராளமாக. சூ கிராஃப்டன் தன் துப்பறியும் நாவல்களுக்கு ஆங்கில எழுத்து வரிசையில் தலைப்பு வைத்து, 1982-இல் 'ஏ' தொடங்கி, 2017-இல் 'ஒய்' வரை வந்து, கடைசி எழுத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். வருத்தம்தான், ஆனால் வாசகருக்கு எந்தக் கொலையும் பாக்கி நிற்கவில்லை.

ஃபேன்டஸியில் பாக்கி நிற்கும். ராபர்ட் ஜோர்டன் 2007-இல் இறந்தபோது 'தி வீல் ஆஃப் டைம்' அந்தரத்தில் நின்றது. அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து பிரான்டன் சாண்டர்சன் மூன்று பாகம் எழுதி 2013-இல் 14-ஆவது பாகத்தோடு முடித்துக் கொடுத்தார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் தொடரில் ஐந்தாம் பாகம் 2011-இல் வந்தது, ஆறாவதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: அகதா கிறிஸ்டியின் துப்பறிபவர் ஹெர்க்யூல் புவாரோவுக்கு வயதே ஆகாதா?

பதில்: 1920-இல் முதல் நாவலிலேயே அவர் ஓய்வு பெற்ற போலீஸ்காரர். 1975-இல் அகதா கிறிஸ்டி கதையை முடித்துவைக்கும் வரை வேலை பார்த்தார். நியாயமாகக் கணக்குப் போட்டால் நூறைத் தாண்டியிருப்பார். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இரங்கல் செய்தியே போட்டது, வயதைக் கேட்டு அவமானப்படுத்தாதீர்கள்.

கேள்வி: அடுத்த பாகம் வருவதற்குள் முந்தைய பாகம் மறந்துபோகிறது. என்ன செய்ய?

பதில்: முந்தைய பாகத்தின் கடைசி மூன்று அத்தியாயங்களை மட்டும் திரும்பப் படியுங்கள், பெரும்பாலும் போதும். இணையத்தில் கதாபாத்திரத்தின் பெயரைத் தட்டித் தேடவே தேடாதீர்கள், பெயருக்குக் கீழே முதல் வரியிலேயே எந்தப் பாகத்தில் யார் கையால் சாகிறார் என்று போட்டிருப்பார்கள்.